சத்தம் இல்லை

தையல் மெஷின் மெக்கானிக்கின் கடை காலை பத்தேகாலுக்கு இருந்தது. பத்து இருபதுக்கு இல்லை.

எதிரே இருந்த பழக்கடைக்காரர் பார்த்தது இவ்வளவுதான். ஷட்டருக்கு முன்னால் தார்ச்சாலை ஒரு தட்டகலத்துக்குக் குழிந்தது. மெக்கானிக் ஸ்பேனரும் கையுமாக வெளியே வந்து எட்டிப் பார்த்து, "என்னய்யா இது, ரோட்டுக்கே கன்னத்துல குழி விழுது!" என்று சிரித்தார். ஓட வேண்டியவர் ஓடவில்லை. பழுதுக்கு வந்த மெஷின் ஒன்று வாசலோரம் இருந்தது. அடுத்தவர் பொருளாயிற்றே என்று அதை உள்ளே இழுத்து வைக்கத் திரும்பினார். அவர் மேசையருகே போகவும், தரையும் மேசையும் பதினோரு மெஷின்களும் ஆளும் சேர்ந்து கீழே இறங்கவும் சரியாக இருந்தது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை என்பதைத்தான் பழக்கடைக்காரர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாவு மூட்டையைக் கீழே வைத்த மாதிரி ஒரு 'பொத்'. அவ்வளவுதான்.

நீர் வாரியத்து வண்டி வந்து நின்றபோது பதினொரு மணிகூட ஆகவில்லை. முன்சீட்டிலிருந்து பாம்புக்காது இறங்கினார். அவருக்கு அதுதான் பெயர் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. சம்பளப் பட்டியல் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயரை யாரும் எழுதியதில்லை. இருபத்தாறு வருடமாக அவர் பார்த்தது ஒரே வேலை. ஆள் உயர இரும்புக் கம்பி, அதன் தலையில் கிண்ணம் போலக் குடைந்த ஒரு மரக்குமிழ். கம்பியின் நுனியைச் சாலையோர வால்வின் மேல் வைத்து, குமிழில் காதை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அடியில் எங்கோ குழாய் கசிந்தால் 'உஸ்' என்று கேட்கும். கசிவு எத்தனை அடி தள்ளி, எவ்வளவு பெரிது என்று அந்த 'உஸ்'ஸை வைத்தே அவர் சொல்லிவிடுவார். சொன்ன இடத்தில் தோண்டினால் குழாய் அழுதுகொண்டிருக்கும்.

தீயணைப்பு அதிகாரி அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

குழி இருபதடி ஆழம் இருக்கும். ஓரமெல்லாம் மணல். பார்க்கும்போதே பிடி பிடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. நடுவே கடையின் கான்கிரீட் தளம் உடையாமல் சரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அறுந்த குழாயை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் அதன் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. தளத்துக்கு அடியில்தான் ஆள் இருக்க வேண்டும்.

"மேலேருந்து இறங்கினா ஸ்லாப் உக்காந்துடும்," என்றார் அதிகாரி. "பக்கவாட்டுலதான் தோண்டி நுழையணும். அதுவும் ஒரு பக்கம்தான். ரெண்டு பக்கமும் தோண்டினா இந்த மண்ணு தாங்காது. சலூன் பக்கமா, புத்தகக் கடை பக்கமா? அதை மட்டும் சொல்லுங்க. உங்க காதைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க."

பாம்புக்காது கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கயிறு கட்டிய இடத்தில் அவருடைய தங்கை, மெக்கானிக்கின் மனைவி, நின்றிருந்தாள். பக்கத்துத் தெருவுக்கு நூல்கண்டு வாங்கப் போனவள். நூல்கண்டுப் பை இன்னும் கையில் இருந்தது. அழவில்லை. அண்ணனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பைப் பார்க்க முடியாமல் அவர் கம்பியைக் கையில் எடுத்தார்.

அதிகாரி கையை உயர்த்தினார். வண்டிகளின் என்ஜின்கள் நின்றன. கூட்டத்தில் செல்போன்களை அணைத்தார்கள். ஒரு குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள். அந்தத் தெருவில் இதற்கு முன் அப்படியொரு அமைதி இருந்திருக்கவே முடியாது.

சலூன் பக்கத்து மண்ணில் கம்பியை முழங்கை ஆழம் இறக்கி, குமிழில் இடது காதை வைத்தார்.

வலது காது போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இடது காதில் மிச்சம் இருந்தது பாதி. அந்தப் பாதியையும் ஒரு ரீங்காரம் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. இது ஒருவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த ஒருவர் இப்போது குழிக்குள் இருந்தார்.

முதலில் ரீங்காரம் மட்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கேளேன், கேட்டுத் தொலையேன் என்று காதைக் கெஞ்சினார். அப்புறம் வந்தது. தொப். தொப். தொப். மெதுவாக, ஆழத்திலிருந்து.

"கேக்குது."

வாய் முந்திக்கொண்டது. தெருவே ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. யாரோ கை தட்டினார்கள். தங்கை நூல்கண்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். புத்தகக் கடைப் பக்கமும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதற்குள் சலூன் பக்கம் பலகைகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இனி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பதில் ஒரு கேவலமான நிம்மதி இருந்தது.

நாற்பது நிமிடம் தோண்டினார்கள். கையால்தான் தோண்ட வேண்டியிருந்தது. இயந்திரம் அதிர்ந்தால் ஓரம் சரியும்.

அந்த நாற்பது நிமிடமும் அவர் மனம் மூன்று வாரத்துக்கு முன்னால் நின்றது.

அன்றும் இந்தத் தெருவுக்கு வந்திருந்தார். மெக்கானிக்குக்கு ஒரு பழைய விளையாட்டு உண்டு. மச்சான் தெருமுனை வால்வில் காதை வைத்த நேரம் பார்த்து, கடைக்குள் இருக்கும் குழாயில் ஸ்பேனரால் அடிப்பார். ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. காதுக்குள் இடி விழுந்தது போல இருக்கும். பாம்புக்காது காதைப் பொத்திக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டியபடி ஓடி வருவார். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரிப்பார். பதினேழு வருடமாக நடக்கிற கூத்து அது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மெக்கானிக் அடித்தார். பாம்புக்காது திரும்பவில்லை. மறுபடி அடித்தார். பாம்புக்காது நோட்டில் எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தபோது மெக்கானிக் எதிரே நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மச்சான், ரெண்டு தடவை அடிச்சேன்."

"கேட்டுச்சு. வேலை நேரத்துல வெளையாடாதய்யா."

"பொய் சொல்லாத. இன்னொரு தடவ கேக்குறேன். காது கேக்குதா இல்லையா?"

எதிரில் நின்றவரின் உதட்டைத்தான் பாம்புக்காது பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"ஆபீஸ்ல சொல்லு. வேற வேலை குடுப்பாங்கல்ல?"

"கம்பியைப் புடுங்கிட்டா நான் யாருய்யா? கம்பி இல்லாத பாம்புக்காதை எதுக்கு வெச்சுக்கப் போறாங்க?"

மெக்கானிக் ஸ்பேனரைச் சட்டையில் துடைத்தார். பிறகு பழைய குரலை வரவழைத்துக்கொண்டு, "சரி, செவிட்டுப் பாம்பே, என் கடை வாசல்ல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

"உன் வாசலுக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கு."

நோட்டில் அவர் அன்று எழுதியதும் அதுதான். சத்தம் இல்லை.

"அண்ணா."

தங்கை கயிற்றுக்குள் நுழைந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். இடது பக்கம் நின்றதால் கேட்டது.

"என்னம்மா?"

"ரெண்டு, அப்புறம் ஒண்ணுன்னுதானே அடிக்கிறாரு?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார்.

"அவரு வேற மாதிரி அடிக்க மாட்டாருண்ணா. சமையலறையில நான் இருந்தா சுவத்துல அப்படித்தான் தட்டிக் கூப்பிடுவாரு. ரெண்டு ஒண்ணுதானே?"

அவர் குனிந்து குமிழில் காதை வைத்தார். தொப். தொப். தொப். தொப். இடைவெளியே இல்லை. ஒரே சீராக, கடிகாரம் மாதிரி. அடியில் நசுங்கிக் கிடக்கிற மனிதன் இவ்வளவு சீராகத் தட்டுவானா? அவருடைய வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது. விரலை அழுத்தினார். விரலில் தொப். காதில் தொப். விரலில் தொப். காதில் தொப்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய நாடியை.

குழிக்குள் பலகைக்கு அப்பால் மண்வெட்டிகள் ஏறி இறங்கின. நான்கு பேர் தப்பான பக்கத்தில் தோண்டிக்கொண்டிருக்கலாம். ஒருவேளை சரியான பக்கமாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் இருபத்தாறு வருடம் போகும். திறக்காவிட்டால்? திறக்காமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததையும், அது சில விநாடிகள் தங்கியதையும், அவர் பிறகு ஒருநாளும் மறக்கப்போவதில்லை.

"நிறுத்துங்க," என்றார். மண்வெட்டிகள் நிற்கவில்லை. மறுபடி கத்தினார். "நிறுத்துங்கய்யா!"

மண்வெட்டிகள் நின்றன. அதிகாரி ஓடி வந்தார். பின்னாலேயே நீர் வாரியத்துப் பொறியாளரம்மாவும் வந்தாள்.

"எனக்குக் காது கேக்காது."

"என்னது?"

"ஒன்றரை வருஷமா கேக்காது. நான் கேட்டது என் நாடித் துடிப்பு. அவரு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி அடிக்கக் கையை ஓங்கினார். பாதியில் இறங்கிவிட்டது. பொறியாளரம்மா மட்டும் வேறு ஒன்றைக் கேட்டாள். "இந்தத் தெருவுல எட்டு வாரத்துக்கு முன்னாடி கசிவு இருக்குன்னு நீங்கதானே எழுதினீங்க? அப்புறம் சத்தம் இல்லைன்னு எழுதினதாலதானே ரிப்பேர் பட்டியல்லேருந்து எடுத்தோம்?"

"சத்தம் நின்னது நெஜம்தாம்மா." தங்கையைப் பார்க்காமல் பேசினார். "யாரும் கை வைக்காம கசிவுச் சத்தம் தானா அடங்கினா அதைவிட ஆபத்து இல்ல. தண்ணி மண்ணைக் கரைச்சு உள்ள குடைஞ்சிடுச்சு, பொந்துக்குள்ள விழ ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லிக்குடுக்கிறதே நான்தான். ஆனா அன்னைக்கு, அடங்கினது தண்ணி இல்ல, என் காதுன்னு நெனச்சேன். அதைச் சொன்னா காது போனது தெரிஞ்சிடும்னு எழுதிட்டுப் போயிட்டேன்."

ஒன்றரை வருடத்தில் அவர் காது ஒருமுறை உண்மையைச் சொன்னது. அந்த ஒருமுறைதான் அவர் அதை நம்பவில்லை.

தங்கை குழியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், யாரிடமோ சொல்வது போல. "போன வாரம் நான் சொன்னேனே. மெஷின் ஓட்டினா வெறும் பானைக்குள்ள ஓடுற மாதிரி கேக்குதுன்னு. ஸ்டாண்டு நட்டு லூசா இருக்கும், உன் வீட்டுக்காரரை முறுக்கச் சொல்லுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அவரும் முறுக்கினாரு." அவள் நான்கு விரலைக் காட்டினாள். "நாலு நட்டையும் முறுக்கினாரு."

கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "கம்பியைக் குடு."

பழுது பார்த்த ஒவ்வொரு மெஷினையும் கடைசியாக ஓட்டிப் பார்ப்பது அவள்தான். ஊசி மயிரிழை விலகியிருந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடித்து, "இன்னும் சரியாகல" என்று கணவன் முன்னால் தள்ளிவிடுவாள். அது நினைவுக்கு வந்ததும் அவர் கம்பியை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை, பிடுங்கினாள்.

மறுபடி அதிகாரியின் கை உயர்ந்தது. மறுபடி அந்த அமைதி. சலூன் பக்கம் அவள் வெகுநேரம் காது வைத்தாள். "இங்க ஒண்ணும் இல்ல."

புத்தகக் கடைப் பக்கம் போனாள். கம்பியை இறக்கினாள். குமிழில் காதை வைத்து வாயை லேசாகத் திறந்துகொண்டாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. பாம்புக்காது அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது இருந்த காது அந்த முகம்தான்.

"மூச்சை அடக்கு," என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல். "உன் மூச்சுச் சத்தம் கேக்குது."

அவர் அடக்கினார்.

அவள் விரல் எழுந்தது. ஒன்று. இரண்டு. நின்றது. பிறகு ஒன்று.

"இங்கதான். ஸ்லாப்புக்கு இந்தப் பக்கம். இரும்புல அடிக்கிறாரு. கையில ஸ்பேனர் இருக்கு."

"சத்தியமா?" என்றார் அதிகாரி. ஒருமுறை சூடுபட்டவர்.

"பதினேழு வருஷமா கேட்ட சத்தம் சார்."

சலூன் பக்கம் தோண்டியதை மணல் மூட்டைகளால் அடைத்து முட்டுக் கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கம் கை வைக்க முடிந்தது. அதற்கே அரை மணி. அந்த அரை மணியும், முன்னால் போன நாற்பது நிமிடமும் யாருடைய கணக்கு என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்றுகொள்ள ஒரு இடம் கிடைத்திருக்கும்.

தங்கை மண்டியிட்டபடியே இருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் விரலைத் தூக்கினாள். முதலில் நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கினாள். பிறகு மூன்று நிமிடம் ஆனது. பிறகு இரண்டும் ஒன்றும் போய் வெறும் இரண்டானது. கம்பி ஆடாமல் இருக்க அவர் அதன் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கம்பியில் அவள் கைக்கும் அவர் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. சிறுவயதில் கிணற்றுக் கயிற்றை இருவரும் இப்படித்தான் பிடிப்பார்கள். அதை நினைக்கிற யோக்கியதை தனக்கு உண்டா என்று யோசித்தார்.

ஒன்றரை மணிக்கு விரல் எழவில்லை.

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். குழிக்குள் தோண்டுகிறவர்கள் நிமிர்ந்து நிமிர்ந்து அவள் விரலைப் பார்த்தார்கள்.

"நிறுத்தாதீங்க," என்றாள் அவள். "சத்தம் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமில்ல. தோண்டுங்க."

அவள் தோண்டுகிறவர்களிடம்தான் சொன்னாள். ஆனாலும் பாம்புக்காது தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டேகாலுக்குப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. தங்கை கம்பியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். முதலில் ஒரு கை தெரிந்தது. சேறு அப்பிய கை. அதில் ஸ்பேனர் இருந்தது. விரல்களைப் பிரித்து அதை எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு மெஷின் ஸ்டாண்டு அழுத்தியிருந்தது. ஒரு கால் இருக்க வேண்டிய வாகில் இல்லை. மூச்சு இருந்தது. உயிர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் சொல்ல மறுத்துவிட்டார்.

ஸ்ட்ரெச்சர் பாம்புக்காதைக் கடந்து போனபோது மெக்கானிக்கின் உதடு அசைந்தது. சேற்றில் அந்த உதட்டைப் படிக்க முடியவில்லை. கூடவே ஆம்புலன்ஸில் ஏறிய தங்கையிடம், "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார். அவள் திரும்பி ஏதோ சொன்னாள். வலது பக்கத்திலிருந்து சொன்னாள். கதவு மூடிவிட்டது.

பழக்கடைக்காரர்தான் அருகில் வந்து காதோரம் உரக்கச் சொன்னார். "பதினோரு மெஷினும் ஊராரோடது, பத்திரமா எடுக்கச் சொல்லுன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"என்னைப் பத்தி?"

பழக்கடைக்காரர் கையை விரித்தார். "இல்லங்க," என்றார்.

பொறியாளரம்மா நோட்டைக் கேட்டாள். அவர் கொடுத்தார். பிறகு அவரே கையை நீட்டித் திரும்ப வாங்கி, ஒன்றரை வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் ஆரம்பித்துப் புரட்டினார். முதலில் கசிவு என்று எழுதி, பழுது பார்க்காமலேயே அப்புறம் சத்தம் இல்லை என்று எழுதிய தெருக்கள் மட்டும். பேனாவால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டார்.

"ஏழு," என்றார். "இதைத் தவிர ஏழு."

அவள் முகம் வெளிறிப்போனது. "இதுல எது காது, எது குழி?"

"தெரியாதும்மா. எனக்குத் தெரியவே தெரியாது."

வேறு நல்ல காதுகளை வரவழைக்க அவள் போனை எடுத்தாள். மற்ற அலுவலகத்திலிருந்து ஆள் வர மாலை ஆகும் என்றார்கள். பாம்புக்காது காத்திருக்கவில்லை. கம்பி மண்ணில் கிடந்தது. அதை எடுக்கவில்லை. பட்டியலில் முதல் தெரு நடக்கிற தூரத்தில் இருந்தது. ஓடினார். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது ஓட்டம்தான்.

அந்தத் தெரு வெயிலில் சும்மா கிடந்தது. துணி காய்ந்துகொண்டிருந்தது. முதல் வீட்டுக் கதவை இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தார். அடுத்த வீட்டுக் கதவையும் அறைந்தார். அடுத்ததையும்.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

ஒரு பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். அவரை அடையாளம் தெரிந்து சிரித்தாள். அவள் பேசியது பாதிதான் விழுந்தது. இடது காதைத் திருப்பி, அவள் உதட்டையும் பார்த்தார்.

"என்ன சார் நீங்களே இப்படிக் கத்துறீங்க? போன மாசம் நீங்கதானே கம்பி வெச்சுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். எனக்குக் காது கேக்காதும்மா. புள்ளைங்களைக் கூட்டிட்டு வெளிய வாங்க."

அவள் சிரிப்பு நின்றது. நிலையில் கை வைத்துக்கொண்டு, கதவையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதான் ஒரு வாரமா இந்தக் கதவு சரியா மூட மாட்டேங்குதா?" என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.